மிலானில் பத்தரை மணி நேரம்

2024 செப்டம்பர் 22, ஞாயிறு

விசா வந்துவிட்டது. அம்மாவும் நானும் லிஸ்பனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறோம். சென்னை, தோஹா, மிலான், லிஸ்பன் என்று ஒரே டிக்கெட். மிலானின் மல்பென்சா விமான நிலையத்தில் காலை ஏழரைக்கு இறங்கினால் அடுத்த விமானம் மாலை ஆறு மணிக்குத்தான். 72 வயதில் முழங்கால் வலியோடு இருக்கிற அம்மாவை அத்தனை நேரம் நாற்காலியிலேயே உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஊருக்குள் போய்விட்டு வருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

எங்களிடம் இருப்பது போர்ச்சுகல் கொடுத்த ஒற்றை நுழைவு ஷெங்கன் விசா. ஷெங்கன் என்பது தங்களுக்குள் பாஸ்போர்ட் சோதனை இல்லாமல் போய்வர விடும் ஐரோப்பிய நாடுகளின் வட்டம். மிலானில் வெளியே கால் வைத்தால் அந்த ஒரு நுழைவு அங்கேயே தீர்ந்துவிடுமோ என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். விசாரித்த பிறகுதான் தெளிந்தது. மிலானும் லிஸ்பனும் ஷெங்கனுக்குள் இருப்பதால், வெளியே போனாலும் போகாவிட்டாலும் மிலானில்தான் நுழைவைப் பதிவு செய்வார்கள். லிஸ்பன் விமானம் உள்நாட்டு விமானம் மாதிரிதான். ஆனால் மிலான் வழியாக அமெரிக்கா போகிறவர்களுக்கு இது பொருந்தாது. இந்தியப் பாஸ்போர்ட்டில் ஷெங்கன் விசா இல்லையென்றால் விமான நிலையத்துக்குள்ளேயேதான் இருக்க வேண்டும்.

அக்டோபர் 9, புதன்

லியொனார்டோ டா வின்சியின் ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தைப் பார்க்க டிக்கெட் இல்லை. ஒவ்வொரு குழுவுக்கும் 15 நிமிடம்தான் என்பதால் விற்பனை தொடங்கியதுமே தீர்ந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் வருத்தமாக இருந்தது. அப்புறம், விமானம் தாமதமானால் அந்த 15 நிமிடமும் போய்விடுமே என்று தோன்றியது. குறித்த நேர டிக்கெட்டை நம்பி, விமானம் மாறும் இடைவேளையைத் திட்டமிடக் கூடாது என்பதுதான் இப்போது என் கருத்து.

அதற்குப் பதில் ஸ்ஃபோர்ட்சா கோட்டை. விமான நிலைய ரயில் போய் நிற்கும் கடோர்னா நிலையத்திலிருந்து மெதுவாக நடந்தாலும் பத்து நிமிடம். அங்கே மைக்கலாஞ்சலோவின் கடைசிச் சிற்பம் இருக்கிறது. திங்களன்று அருங்காட்சியகம் மூடியிருக்கும். நாங்கள் போவது வியாழன். இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தங்களை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலையும் பார்த்துக்கொண்டேன்.

அக்டோபர் 17, வியாழன், காலை

ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாஸ்போர்ட் வரிசையில் 50 நிமிடம் போயிற்று. அதிகாரி தங்கையின் அழைப்புக் கடிதத்தையும் காப்பீட்டையும் கேட்டார். நல்ல வேளை, இரண்டும் கைப்பையில் இருந்தன. பெட்டிகள் நேராக லிஸ்பன் போய்விடுவதால் ஆளுக்கு ஒரு தோள்பைதான்.

மல்பென்சா எக்ஸ்பிரஸ் ரயிலில் முதல் முனையத்தின் அடியிலேயே ஏறலாம். சில வண்டிகள் கடோர்னாவுக்கு, சில மத்திய நிலையமான சென்ட்ரலேவுக்கு. அவசரத்தில் சென்ட்ரலே வண்டியில் ஏறிவிட்டோம். இரண்டும் நிற்கும் போவிசாவில் இறங்கி மாறிக்கொண்டதால் பெரிய நஷ்டமில்லை.

அதே நாள், மதியம்

கடோர்னா நிலையத்து வாசலிலேயே அம்மா நின்றுவிட்டார். சதுக்கத்தில் மாபெரும் ஊசி ஒன்று தரையில் குத்தி நிற்கிறது, காதில் சிவப்பு, பச்சை, மஞ்சள் நூலோடு. அங்கிருந்து சாலைக்கு அப்பால் நூலின் முடிச்சு மட்டும் வெளியே வந்திருக்கிறது. ஓல்டன்பர்க், வான் பிரூகன் என்ற சிற்பிகள் 2000இல் செய்தது. நிறங்கள் மெட்ரோ பாதைகளின் நிறங்கள். நாற்பது வருடம் தையல் மிஷின் மிதித்தவர் அம்மா. “முடிச்சைச் சரியாத்தான் போட்டிருக்கான்” என்றார்.

கோட்டையின் முற்றங்களுக்குக் கட்டணம் இல்லை, அருங்காட்சியகத்துக்கு உண்டு. சிற்பம் இருப்பது 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய வீரர்களுக்காகக் கட்டிய மருத்துவமனைக் கூடத்தில். 2015இல் அங்கே மாற்றினார்கள். ரொண்டனீனி பியத்தா என்று பெயர். இறந்த மகனைத் தாய் மரியாள் பின்னால் நின்று தாங்கிப் பிடித்திருக்கிறாள். 1564இல், 89 வயதை எட்டும் நேரத்தில் இறப்பதற்குச் சில நாள் முன்புவரை மைக்கலாஞ்சலோ இதைச் செதுக்கிக்கொண்டிருந்தார். முடியவில்லை.

உள்ளே நுழைந்தால் முதலில் தெரிவது சிற்பத்தின் முதுகுதான். வளைந்த கல், அவ்வளவுதான். சுற்றி வந்து முன்னால் நின்றால்தான் இரண்டு முகங்களும். முகங்களில் உளித் தடம் அப்படியே இருக்கிறது. கால்களை மட்டும் இழைத்திருக்கிறார். பக்கத்தில் உடம்போடு ஒட்டாமல் தனியாக ஒரு கை. முன்பு வேறு மாதிரி செதுக்கத் தொடங்கி, மனம் மாறி உடலை உள்ளே தள்ளிச் செதுக்கியபோது மிஞ்சிய பழைய கை அது.

அம்மா அங்கிருந்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “இவ அவனைத் தூக்கலைடி. அவன்தான் இவளை முதுகுல சுமக்கிறான், பாரு” என்றார். எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தோம். மற்ற கூடங்களுக்குப் போகவில்லை, போக வேண்டும் என்றும் தோன்றவில்லை.

வெளியே டிராகன் தலை வைத்த பச்சைக் குழாயில் பாட்டிலை நிரப்பினோம். ஊர் முழுக்க இந்த இரும்புக் குழாய்கள் இருக்கின்றன, நல்ல குடிநீர்.

அதே நாள், மாலை, விமான நிலையம்

கடோர்னாவிலிருந்து சிவப்பு மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம் துவோமோ, அதாவது நகரின் பேராலயம். அதன் கூரைக்கு ஏறவில்லை. வெளியே ஒரு சுற்று வந்தோம். 1386இல் தொடங்கிய கட்டடம். கன்டோல்யா மலைப் பளிங்கை ஏரி, ஆறு, கால்வாய் வழியாகப் படகிலேயே நகருக்குள் கொண்டுவந்தார்களாம். மதிய வெயிலில் அந்தக் கல்லில் லேசான ரோஜா நிறம் தெரிந்தது.

பக்கத்துச் சந்தில் லூயினி கடை. பழைய கடை. தக்காளியும் மொத்சரெல்லா பாலாடைக்கட்டியும் அடைத்துப் பொரித்த பான்சரோட்டி வாங்கினோம். பார்க்கச் சோமாஸ்தான், அளவு உள்ளங்கையைவிடப் பெரியது. உள்ளே பாலாடைக்கட்டி கொதிக்கிறது, ஆறவிட்டுக் கடிக்க வேண்டும். அம்மா இன்னொன்று கேட்டது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இரண்டே முக்காலுக்கு ரயில் ஏறி, நாலு மணிக்கு முன்பே பாதுகாப்புச் சோதனை முடிந்துவிட்டது. லிஸ்பனுக்குப் பாஸ்போர்ட் வரிசை கிடையாது. நேரம் மிச்சமிருக்கிறது. ஆனாலும் இன்னொரு இடத்துக்கு அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடாதது நல்லதுதான்.

அக்டோபர் 18, வெள்ளி, லிஸ்பன்

காலையில் தங்கை சமையலறையில் நின்று, “மிலான்ல என்னம்மா பார்த்தீங்க?” என்று கேட்டாள். போனில் எடுத்த படத்தைக் காட்டப் போனேன். அம்மா அதற்குள் அவள் பின்னால் போய், தோளில் சாய்ந்து, இப்படித்தான் என்று நின்று காட்டினார். தங்கை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பாரத்தைத் தாங்கச் சற்றுக் குனிந்துகொண்டாள்.