மென்படலத்தில் ஒரு கறுப்புக் கோடு

11.11.2024, புதுச்சேரி
மழை விட்டும் ஈரம் விடவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காந்த டொமைன்களை, அதாவது ஒரே திசையில் காந்தமான பகுதிகளைப் பார்க்கப் போகிறேன். படலம் பெர்மலாய், நிக்கல்–இரும்புக் கலவை. இந்தக் கடற்காற்றில் அதைத் திறந்து வைத்தால் ஆக்சைடு ஏறிவிடும். 20 நானோமீட்டர் படலம் போட்ட கையோடு, வேக்குவம் கலையாமலே 3 நானோமீட்டர் பிளாட்டினம் பூசியாயிற்று. அடியில் 50 நானோமீட்டர் சிலிக்கான் நைட்ரைடு ஜன்னல். அது மின்சாரம் கடத்தாது. அதனால் படலம் ஹோல்டரின் (சாம்பிளைத் தாங்கும் தண்டு) கிளிப்பைத் தொட்டே ஆகவேண்டும். இல்லாவிட்டால் எலக்ட்ரான் பீம் பட்டதும் மின்னேற்றம் தேங்கி, படம் வழுக்கிக்கொண்டே போகும்.

12.11.2024
முதலில் லென்ஸ், பிறகுதான் சாம்பிள். ஆப்ஜெக்டிவ் லென்ஸ் (சாம்பிளை ஒட்டிய காந்த லென்ஸ்) ஓடும்போது சாம்பிள் இருக்கும் இடத்தில் ஏறக்குறைய 2 டெஸ்லா காந்தப்புலம்; டொமைன்கள் அத்தனையும் அழிந்துவிடும். அதை அணைத்த பிறகே ஹோல்டரை உள்ளே விடணும். உருப்பெருக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் திருகியதில் லென்ஸ் தானாக ஏறி, இன்றைய சாம்பிள் போயிற்று. திரும்ப டீமேக்னடைஸ் செய்து (மொத்தக் காந்தத்தை நீக்கி) டொமைன்களை வரவைக்கணும்.

13.11.2024
சரியான ஃபோகஸில் காந்தம் எதுவும் தெரியாது. 200 கிலோவோல்ட் எலக்ட்ரானை இந்தப் படலம் வளைப்பது சுமார் 12 மைக்ரோரேடியன்தான். படிகத் தளங்கள் சிதறடிப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வேண்டுமென்றே ஃபோகஸை 1 மில்லிமீட்டர் விலக்கினால் (டிஃபோகஸ்) 12 நானோமீட்டர் நகர்வு கிடைக்கும். இரண்டு டொமைன்களுக்கு இடையிலான எல்லைதான் சுவர். எலக்ட்ரான்கள் குவியும் சுவர் வெள்ளை, விலகும் சுவர் கறுப்பு. டிஃபோகஸைக் கூட்டக் கூட்டக் கோடு பளிச்சென்று வரும், தடித்தும் போகும். சுவரின் அகலத்தை அதிலிருந்து அளக்கக்கூடாது.

டொமைனுக்குள்ளே பார்க்க அவ்வளவு அழகு: ஈர மணலில் அலை விட்டுப்போன வரிகள் மாதிரி மெல்லிய சிற்றலைகள். காந்தத்திசைக்குச் செங்குத்தாகவே ஓடும்.

15.11.2024
ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு. டிஃபோகஸை எதிர்ப்பக்கம் மாற்றியதும் வெள்ளையானது. சுவர்தான் என்று எழுதிவிடத் தோன்றும், அவசரப்படக்கூடாது. கீறலின் விளிம்பும் இப்படித்தான் நிறம் மாறும். ஆப்ஜெக்டிவில் 50 மில்லிடெஸ்லா மட்டும் கொடுத்து, சாம்பிளை 10 டிகிரி சாய்த்தால் படலத்தின் தளத்தில் 8.7 மில்லிடெஸ்லா விழும். பெர்மலாய் சுவரை நகர்த்த அது தாராளம். மற்ற சுவர்கள் ஓடிவிட்டன, இது அசையவில்லை. கீறல்தான்.

18.11.2024
கோபால்ட்–பிளாட்டினம் அடுக்குப் படலம். ஸ்கிர்மியான் என்பது வட்டமான குட்டிக் காந்த அமைப்பு; அதன் சுவரில் காந்தத்திசை ஆரவாக்கில் திரும்பினால் நீல் (Néel) வகை. இந்த வகை நேர்ப்பார்வையில் தெரியாது: எலக்ட்ரான் சுவரின் நீளவாக்கிலேயே விலகுவதால் எங்கும் குவியாது. வெறும் சாம்பல் படத்தைப் பார்த்துச் சாம்பிளைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். 25 டிகிரி சாய்த்ததும் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பாக எழுந்து நின்றது. வட்டம் நசுங்கித் தெரியும். சாய்வு அச்சுக்குக் குறுக்கே எடுத்த அளவை 0.906 (cos 25°) ஆல் வகுத்துக்கொள்ளணும்.