இறங்குற ரோட்ட பாத்துட்டு டிரெய்லர் எடுங்க

ராணிப்பேட்டை பக்கத்துல டிரெய்லர் கட்டுற பட்டறை ஒண்ணுல சூப்பர்வைசரா இருக்கேன். டிராக்டர் டிரெய்லர், தண்ணி டேங்கர், ஜெனரேட்டர் வைக்கிற சின்ன டிரெய்லர், இதுதான் எங்களுக்கு ரொம்ப நாளா சோறு போடுற வேலை. இப்போ கொஞ்ச காலமா புதுசா ஒரு வகை கஸ்டமர் வர்றாங்க. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் மாந்தோப்பு வச்சிருக்கவங்க, ஏலகிரில ரிசார்ட் நடத்துறவங்க, பெரிய கேம்பஸ்ல மெயின்டனன்ஸ் பாக்குறவங்க. இவங்க யூடிவி வாங்கிடுறாங்க, அதாவது ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பின்னாடி சின்ன தொட்டில சாமான் போட்டு எடுத்துட்டு போற நாலு சக்கர வண்டி. தோப்புக்குள்ள, மேடு பள்ளத்துல அருமையா ஓடும், ஆனா மெயின் ரோட்டுல ஓட்டுறதுக்கான வண்டி இல்ல அது. சர்வீசுக்கு எடுத்துட்டு போகணும்னாலோ ஒரு தோப்புல இருந்து இன்னொரு தோப்புக்கு மாத்தணும்னாலோ பிக்கப் பின்னாடி டிரெய்லர்ல ஏத்திதான் ஆகணும்.

வந்த உடனே கேக்குறது ரெண்டே கேள்வி. எத்தன அடி நீளம், எவ்ளோ ரூபா. நான் பதிலுக்கு கேக்குறது, எந்த ரோட்டுல இறங்குவீங்க?

வாலாஜாவுல இருந்து பள்ளிகொண்டா டோல் வரைக்கும் நம்ம 48ஆம் நம்பர் ஹைவேல எந்த டிரெய்லர கட்டி இழுத்தாலும் நல்லாதான் வரும், ரோடு அப்படி, வண்டிய பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. அதே டிரெய்லர ஏலகிரில இருந்து பொன்னேரிக்கு இறக்கிப் பாருங்க, 14 கொண்டை ஊசி வளைவு. இல்ல காவலூர் அப்சர்வேட்டரி பக்கம் இருந்து ஆலங்காயம் இறங்கிப் பாருங்க, பேரணாம்பட்டு மலை ரோட்டுல ஆந்திராவுக்கு போயிட்டு திரும்பிப் பாருங்க. ஏத்தத்துல பாரம் பின்னாடி இழுக்கும், அது இஞ்சினுக்குதான் கஷ்டம், மெதுவா போனா ஏறிடும். இறக்கத்துல பாரம் பிக்கப்ப முன்னாடி தள்ளும், வளைவுல பிக்கப் ஒரு பக்கம் திரும்பிட்டு இருக்கும்போது டிரெய்லர் நேரா தள்ளிச்சுன்னா ரெண்டும் நடுவுல மடங்கிக்கும், அந்த இடத்துல டிரைவர் எவ்ளோ கெட்டிக்காரனா இருந்தாலும் செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது. அதனால டிரெய்லர தேர்ந்தெடுக்கறதுன்னா நீங்க போற வழியிலயே மோசமான இறக்கத்த மனசுல வச்சுக்கிட்டு தேர்ந்தெடுக்கணும், நல்ல ரோட்ட வச்சு இல்ல. இத நான் யார் வந்தாலும் சொல்றேன், சலிப்பு வர்ற அளவுக்கு சொல்றேன்.

முதல்ல எடை. யூடிவி மாடலுக்கு ஏத்த மாதிரி 500 கிலோல இருந்து 900 கிலோ வரைக்கும் இருக்குது. கேட்டலாக்ல போட்டிருக்கறது பல சமயம் எண்ணெய் தண்ணி இல்லாத காலி எடை. அதுக்கு மேல டீசல், மேல போட்ட கூரை, முன்னாடி கண்ணாடி, பின் தொட்டில மறந்து போய் கிடக்குற மருந்தடிக்கிற டேங்க், கடப்பாரை, எல்லாம் சேரும். வண்டி 700, சாமான் 100, டிரெய்லர் தன் எடை 400ன்னு வச்சா மொத்தம் 1200 கிலோ. இந்த 1200தான் கணக்கு, 700 இல்ல. டிரெய்லர்ல பதிஞ்சிருக்குற மொத்த எடையும் இத தாங்கணும், ஆக்ஸிலும் டயரும் தாங்கணும், இழுக்குற பிக்கப்போட புக்குல எவ்ளோ இழுக்கலாம்னு போட்டிருக்கோ அதுவும் தாங்கணும், இதுல எது குறைச்சலோ அதுதான் உங்க லிமிட். போற வழியில எங்கயாவது எடை மேடை இருந்தா ஏத்திப் பாத்துடுங்க, ஆகுற செலவு ஒண்ணும் பெருசு இல்ல.

ஒடுகத்தூர் பக்கத்து பெரியவர் ஒருத்தர், மாந்தோப்பு வச்சிருக்கார், "இன்னா தம்பி, என் டிராக்டர் டிரெய்லர்லயே ஏத்திக்கிறேனே, அது மூணு டன் தாங்குது, இது ஒரு டன் கூட இல்ல, அப்புறம் இன்னாத்துக்கு புதுசு"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். எடை தாங்கும் ஐயா, ஆனா தரைல இருந்து தளம் உசரமா இருக்கே, நெல்லு மூட்டை போட்டா பாரம் கீழ படுத்துக் கிடக்கும், யூடிவி நாலு கால்ல நிக்கிற சாமான், அதோட கனம் இன்னும் மேல போயிடும், வளைவுல சாயறதுக்கு அது போதும்னு சொன்னேன். அதுவுமில்லாம அவ்ளோ உசரத்துக்கு பலகை போட்டு ஏத்தறதே ஆபத்து. தென்னை மரத்த பொளந்து ரெண்டு பலகையா போட்டு ஏத்துறத நான் கண்ணால பாத்திருக்கேன், ஒரு பலகை நழுவுனா வண்டி ஓட்டுறவன் மேலயே கவுந்துடும். டாடா ஏஸ்ல ஏத்தலாமான்னும் கேப்பாங்க, அதோட தொட்டி சுமார் ஏழு அடி நீளம்தான், பெரும்பாலான யூடிவி அதுல அடங்காது, பின் கதவ தொறந்து போட்டு பின் சக்கரம் விளிம்புல நிக்கிற மாதிரி எடுத்துட்டு போறது வேணவே வேணாம்.

தளம் எவ்ளோ தாழ்வா இருக்கோ அவ்ளோ நல்லது. சக்கரம் வெளிப்பக்கம், தளம் நடுவுல தாழ்வா இருக்குற டிசைன் எடுங்க. தளம் 60 சென்டிமீட்டர் உசரம்னு வைங்க, ஏத்துற சாய்வு பலகை ஒன்றரை மீட்டர் நீளம்னா கிட்டத்தட்ட 24 டிகிரி சாய்வு வரும், அதே பலகை 2.4 மீட்டர்னா 14, 15 டிகிரிக்கு வந்துடும். மழைல சேறோட ஏத்தும்போது அந்த பத்து டிகிரி எவ்ளோ பெரிய விஷயம்னு ஏத்துறவனுக்குதான் தெரியும். சாய்வு அதிகமா இருந்தா ஏறி முடிக்கிற இடத்துல வண்டி வயிறும் தட்டும். செக்கர் பிளேட், அதாவது மேடு மேடா கோடு போட்ட இரும்புத் தகடு, ஈரத்துல வழுக்கும், அதனால நாங்க சாய்வுல குறுக்க ஆங்கிள், அதாவது எல் வடிவ இரும்பு, வச்சு வெல்டிங் பண்ணிடுவோம். அகலத்துக்கு வண்டி அளவுக்கு மேல ரெண்டு பக்கமும் அரை அடி இருந்தாதான் ஏத்துனவன் எறங்கி வந்து பெல்ட் கட்ட முடியும்.

ஏத்தும்போது இன்னொரு விஷயம் நடக்கும், நிறைய பேருக்கு தெரியல. யூடிவி சாய்வுல ஏறும்போது பாரம் முழுக்க டிரெய்லரோட பின் முனைல இருக்கும், பின் முனை கீழ போகும், முன் முனை மேல தூக்கும், அது பிக்கப்போட பின்பக்கத்தையும் சேத்து தூக்கும். பிக்கப்போட ஹேண்ட் பிரேக் புடிக்கிறது பின் சக்கரத்துல. அந்த சக்கரத்துல பாரம் குறைஞ்சா ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் வண்டி நகந்துடும். அதனால டிரெய்லர் பின் மூலை ரெண்டுலயும் இறக்கி விடுற முட்டு கால் இருக்கான்னு பாத்து வாங்குங்க, பிக்கப் சக்கரத்துக்கு கட்டை கொடுத்துட்டுதான் ஏத்தணும். முட்டு காலுக்கு ஆகுற செலவு கம்மி, அத வேணாம்னு சொல்றவங்ககிட்ட நான் விடாம பேசி போட வைப்பேன்.

அடுத்தது பாரம் எங்க உக்காருதுன்னு. மாட்டு வண்டி ஓட்டுன குடும்பத்துல வந்தவங்களுக்கு இத சொல்லித் தரவே வேணாம், முன்பாரம் அதிகமானா மாட்டு கழுத்த அழுத்தும், பின்பாரம் ஆயிட்டா நுகத்தடி மேல தூக்கி மாட்ட நெரிக்கும், அளவா கொஞ்சம் முன்பாரம் வேணும். டிரெய்லரும் அதேதான். மொத்த எடைல 10ல இருந்து 15 சதவீதம், டிரெய்லர பிக்கப்போட மாட்டுற கொக்கி மேல உக்காரணும், 1200 கிலோவுக்கு 120ல இருந்து 180 கிலோ. பிக்கப்போட கொக்கி அத தாங்குமான்னும் பாக்கணும். பின்பாரம் ஆயிடுச்சுன்னா கொஞ்சம் வேகம் எடுத்ததும் டிரெய்லர் இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பிக்கும், லாரி ஒண்ணு பக்கத்துல உரசிட்டு போனாலே போதும். அப்படி ஆடிச்சுன்னா பிரேக்க மிதிக்காதீங்க, ஸ்டியரிங்க எதிர்ப்பக்கம் ஒடிக்காதீங்க, நேரா புடிச்சுக்கிட்டு ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுங்க, வேகம் குறைய குறைய அடங்கும். அளந்து பாக்கறது சுலபம், மண்டில வெல்ல மூட்டை நிறுக்குற பிளாட்ஃபாரம் தராசு ஒண்ண வாங்கி, சமதரைல நிறுத்தி, ஏத்துன டிரெய்லர கழட்டி விட்டா முன் முனைய தாங்குற முன் கால பிக்கப் கொக்கி உசரத்துக்கு வச்சு தராசு மேல நிறுத்துனா எவ்ளோன்னு காட்டிடும். நிறைய யூடிவில இஞ்சின் சீட்டுக்கு அடிலயோ பின்னாடியோ இருக்கும், கண்ணால பாத்து நடுவுல நிறுத்துனா கணக்கு தப்பும். சரியான இடம் கிடைச்சதும் தளத்துல சக்கரம் நிக்கிற இடத்துல ஒரு குறுக்கு ஆங்கிள் அடிச்சுடுங்க, அடுத்த தடவ யார் ஏத்துனாலும் அங்கதான் நிக்கும்.

பிரேக்குதான் பெரிய சண்டை. "பிக்கப்லதான் பிரேக் இருக்குதே"ம்பாங்க. ஐரோப்பா பக்கம் மொத்த எடை 750 கிலோவுக்கு மேல போனா டிரெய்லருக்கு தனி பிரேக் கட்டாயம், நம்ம கணக்கு 1200ல நிக்குது, இதுக்கு மேல நான் இன்னா சொல்றது. ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, டிரெய்லர் முன்னாடி தள்ளும்போது அந்த அழுத்தத்துலயே கொக்கில இருக்குற சிலிண்டர் வேலை செஞ்சு பிரேக் புடிக்கிறது, கேபின்ல ஒயர் வேலை இல்ல, விலையும் பரவால்ல. ஆனா நீளமான இறக்கத்துல டிரெய்லர் தள்ளிக்கிட்டே இருக்கும், பிரேக்கும் புடிச்சுக்கிட்டே இருக்கும், சூடேறும், அதனால ஏலகிரி மாதிரி ரோட்டுல நடுவுல நிறுத்தி ஆற விடணும். இன்னொண்ணு எலக்ட்ரிக் பிரேக், கேபின்ல கண்ட்ரோலர் வைக்கணும், எவ்ளோ புடிக்கணும்னு டிரைவர் கைல இருக்கும். மலைக்கு அடிக்கடி போறவங்களுக்கு நான் இதத்தான் சொல்வேன், விலை கூட ஆனாலும். எது போட்டாலும் மேல இருந்து இறங்க ஆரம்பிக்கும்போதே லோ கியர்ல போடணும், பாதில மாத்திக்கலாம்னு நினைக்கக் கூடாது.

கட்டுறதுக்கு நைலான் கயிறு வேணாம். இழுத்து கட்டுன அஞ்சு நிமிஷத்துல நீளும். ராட்செட் பெல்ட், அதாவது பிடிய ஆட்டி ஆட்டி இறுக்குற பட்டை, நாலு வேணும், நாலு மூலைக்கும், முன்னாடி ரெண்டு முன்பக்கமா இழுக்கணும், பின்னாடி ரெண்டு பின்பக்கமா இழுக்கணும், சேஸிஸ்ல கொக்கி மாட்டுங்க, பம்பர்லயோ கூரை பைப்லயோ மாட்டாதீங்க. பெல்ட்ல ரெண்டு நம்பர் இருக்கும், அறுந்து போற எடை பெருசா இருக்கும், வேலைக்கு பயன்படுத்துற எடை அதுல மூணுல ஒரு பங்குதான், கடைக்காரர் பெரிய நம்பர சொல்லி விப்பார், நீங்க சின்ன நம்பர பாருங்க. வேலூர் வெயில்ல வெளிய போட்டா பெல்ட் நிறம் வெளுத்து நூல் பிரிஞ்சுடும், வெளுத்தத தூக்கி போட்டுடுங்க. கிளம்பி கொஞ்ச தூரம் போனதும் ஒரு டீக்கடைல நிறுத்தி பெல்ட்ட இன்னொரு தடவ இறுக்குங்க, அப்படியே சக்கர ஹப்ப கையால தொட்டுப் பாருங்க, ஒண்ணு மட்டும் கொதிச்சா பேரிங்ல கிரீஸ் இல்ல. கொக்கிக்கு கீழ ரெண்டு சங்கிலி குறுக்கும் நெடுக்குமா மாட்டணும், கொக்கி கழண்டாலும் டிரெய்லர் முன் முனை ரோட்டுல குத்தாம சங்கிலில விழும்.

டயர் பத்தி ஒண்ணே ஒண்ணு. டிரெய்லர் நிறைய நாள் சும்மா நிக்கும், டயர் தேயாது, ஆனா வெயில்ல காஞ்சு வெடிப்பு விடும். பக்கத்துல நாலு இலக்க நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. ரோட்டுல படுற பட்டன் தேயாம நல்லா இருக்குதுன்னு ஏமாறாதீங்க, அந்த நம்பர பாருங்க. காத்து காலைல வண்டி நகர்றதுக்கு முன்னாடி புடிக்கணும்.

பேப்பர் விஷயம் சுருக்கமா. டிரெய்லருக்கு தனியா ரிஜிஸ்ட்ரேஷன் வேணும், பின்னாடி லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், சிவப்பு ரிஃப்ளெக்டர் எல்லாம் எரியணும், ஒட்டணும். 2019 சட்ட திருத்தத்துக்கு அப்புறம் ஓவர்லோடுக்கு 20,000 ரூபா, அதுக்கு மேல ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பாரம் பக்கவாட்டுல வெளிய நீட்டிட்டு இருந்தாலும் 20,000தான்.

அந்த ஒடுகத்தூர் பெரியவர் கடைசில செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், வந்து பாத்து சொல்லுன்னு கூப்ட்டார், போனேன். பெயின்ட் புதுசா அடிச்சிருந்தாங்க. இழுக்குற தண்டு சேஸிஸ்ல சேர்ற வெல்டிங்க மட்டும் சுரண்டிப் பாக்கணும்னு கேட்டேன், விக்கிறவர் கொஞ்சம் தயங்கிட்டுதான் விட்டார். சுரண்டுனா ஒரு பழைய விரிசல், அது மேலயே திரும்ப வெல்டிங் ஓட்டி பெயின்ட் அடிச்சிருந்தாங்க. பெரியவர்கிட்ட தனியா கூட்டிட்டு போய் சொன்னேன், வேணாம் ஐயான்னு. எங்ககிட்டயே ஆர்டர் கொடுத்தார், ரெண்டு ஆக்ஸில், ரெண்டுலயும் பிரேக், முட்டு கால், ஒரு ஸ்டெப்னி. ஆக்ஸில் வர்றதுக்கு லேட்டாச்சு, அதுவரைக்கும் யூடிவிய தோப்புலயே நிறுத்தி வச்சிருந்தார்.