சிலந்தி ஏன் ஒட்டிக்கொள்வதில்லை?

"டீச்சர், சிலந்தி தன்னோட வலையிலயே ஏன் ஒட்டிக்கிறதில்ல?"

மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தோம். ஜன்னலைப் பார்த்தபடி ஒரு பையன் கேட்டான். "அதோட காலில் எண்ணெய் மாதிரி ஏதோ இருக்கும், அதனாலதான்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். எப்போதோ எங்கோ கேட்டது. அவன் தலையாட்டிவிட்டு நோட்டைப் பார்த்தான். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

வழக்கமாக ஒரு பதில் சொன்னால் நான்கு கேள்வி கேட்கிறவன். அன்று சட்டென்று அடங்கிப்போனது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. போதாததற்கு, நான் சொன்னது சரியா என்று எனக்கே தெரியாது. மறுநாள் அவனைக் கூப்பிட்டு, "நேத்து சொன்னேனே, அது எனக்கு நிச்சயமாத் தெரியாது. வா, நூலகத்துல தேடிப் பார்ப்போம்" என்றேன். பதினொரு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். ஒரு பிள்ளையிடம் தெரியாது என்று வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவன் நேராகப் போய்ப் பூச்சிகளைப் பற்றிய புத்தகத்தை எடுத்தான். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினான். பிடுங்கி நானே தேடிவிடலாம் என்று கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு, பின்பக்கத்தில் சொல்லடைவு இருப்பதை மட்டும் காட்டினேன். அகரவரிசையில் 'சி' வரை விரலை ஓட்டினான். சிலந்தி இல்லை. ஏன் இல்லை? முன்பக்கம் போய்ப் படங்களைப் பார்த்துக் கால்களை எண்ணினான். எல்லாவற்றுக்கும் ஆறு. சிலந்திக்கு எட்டு. "அப்போ அது பூச்சியே இல்லையா டீச்சர்?" என்று அவன் நிமிர்ந்தபோது, நாங்கள் தேடிவந்த கேள்வியைவிடப் பெரிய ஒன்று அவன் கையில் இருந்தது.

வேறொரு புத்தகத்தில் பதில் கிடைத்தது. வட்ட வலை பின்னும் சிலந்தி இரண்டு விதமான இழைகளை விடுகிறது. நடுவிலிருந்து ஆரமாக விரியும் இழைகளில் பசை இல்லை. சுற்றிச் சுற்றி வரும் இழைகளில்தான் பசைத் துளிகள். சிலந்தி பெரும்பாலும் பசையில்லாத இழைகளில் காலை வைத்து நடக்கிறது. படித்ததும் ஜன்னலுக்கு ஓடினோம். பென்சில் முனையால் ஆர இழையைத் தொட்டான்; ஒட்டவில்லை. சுற்று இழையைத் தொட்டான்; பென்சிலோடு ஜவ்வு மாதிரி இழுபட்டு வந்தது. புத்தகம் சொன்னதைத் தன் கையாலேயே சரிபார்த்தவனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டேன். கேள்வி, பதில், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம். முதல் வரியாக என்னுடைய எண்ணெய்ப் பதிலை எழுதி, அந்தப் புத்தகத்தில் அது இல்லாததால் அவன் கண்முன்னேயே அடித்தேன்.

அப்புறம் வாரம் ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டோம், வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில். அதற்குமேல் எடுத்தால் பாடம் ஓடாது, அது உண்மை. எந்தக் கேள்வி என்று பிள்ளைகளே கைதூக்கி முடிவு செய்வார்கள். கணினியில் தேடினாலும் தட்டுவது அவர்கள்தான். எழுத்துப் பிழையோடு தட்டி, சம்பந்தமில்லாத பக்கம் திறந்து, திரும்பி வந்து, மறுபடி தட்டுவார்கள். மெதுவாகத்தான் நடக்கும். நான் தட்ட ஆரம்பித்தால் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும், அவர்களும் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள்.

சனிக் கோளுக்கு எத்தனை நிலவுகள் என்று ஒரு வாரம் தேடினோம். 1995இல் அச்சான புத்தகம் 18 என்றது. 2013இல் வந்தது 62 என்றது. இணையத்தில் 274 என்று இருந்தது. வகுப்பில் ஒரே கூச்சல். "எந்தப் புக் பொய் சொல்லுது டீச்சர்?" எதுவும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றிலும் வெளியான ஆண்டு எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னேன். தொலைநோக்கிகள் மேம்பட மேம்படச் சின்னச் சின்ன நிலவுகளும் கண்ணில் பட்டன. 2025 மார்ச்சில் மட்டும் ஒரேயடியாக 128 நிலவுகள் கணக்கில் சேர்ந்தன. விடைகளுக்கும் வயது உண்டு என்பது எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அன்று புரிந்தது. இப்போதெல்லாம் புத்தகத்தைத் திறந்தால் முதலில் ஆண்டைப் பார்க்கிறார்கள். பாடப்புத்தகத்திலும் பார்க்கிறார்கள்! எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம்.

2011இல் வெளியான ஓர் ஆய்வைப் பிறகு படித்தேன். பல வேலைகள் செய்யும் ஒரு பொம்மையைப் பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளிடம் கொடுத்தார்கள். "இது இப்படி வேலை செய்யும், பார்" என்று ஒரே ஒரு வேலையைக் கற்றுக்கொடுத்தபோது, குழந்தைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். கற்றுக்கொடுக்காமல் விட்ட குழந்தைகள் அதிக நேரம் நோண்டி, மற்ற வேலைகளையும் கண்டுபிடித்தார்கள். கழித்தல் கணக்கு நாள்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. நானும் ஒரு பதிலைக் கையில் கொடுத்து, இதோடு முடிந்தது என்று அவனுக்குச் சொல்லாமல் சொல்லியிருக்கிறேன்.

தேடக் கூடாத கேள்விகளும் உண்டு. "தாத்தா இப்போ எங்க இருப்பாரு?" என்று ஒரு பெண் குழந்தை இடைவேளையில் கேட்டாள். அந்த நோட்டை நான் எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தாத்தாவைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆண்டுக் கடைசியில் சிலந்திப் பையன் காலை மணி அடிக்கும் முன்பே ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். நடுவில் விரலைச் செருகி வைத்திருந்தான். "டீச்சர், நீங்க சொன்னதும் பாதி சரிதான். அது கால்ல முடியும் இருக்காம், எண்ணெய் மாதிரி ஒரு பூச்சும் இருக்காம். அதனால பசையில கால் பட்டாலும் சிக்காதாம்."

நோட்டை வாங்கி முதல் பக்கத்தைத் திறந்தான். நான் அடித்த வரியைக் கண்டுபிடித்து, அதற்கு மேலே சின்ன எழுத்தில் மறுபடி எழுதினான். பக்க எண்ணையும் போட்டான்.