பஸ் ஓடாத ஆண்டில் நம் கல்லூரி

யாழ்ப்பாணத் தீவகத்தில் உள்ள நம் கல்லூரியின் 2022ஆம் ஆண்டு அதிபர் அறிக்கை அச்சில் வரவில்லை. அச்சடிக்கக் கடதாசி இல்லை. கையால் எழுதிய சில பக்கங்களைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். இந்த மலருக்கு ஒரு நினைவுக் கட்டுரை தாருங்கள் என்று கனடாவில் உள்ள நம் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, நான் படித்த காலத்தைப் பற்றி மட்டும் எழுத மனம் வரவில்லை. அந்தக் கையெழுத்துப் பக்கங்களைப் பற்றியும் எழுதியாக வேண்டும். நம் கல்லூரி பெரிய கட்டடங்களோடும் நிறையப் பிள்ளைகளோடும் இருந்த ஆண்டுகள் பல உண்டு. ஆனால் என் கணக்கில் அதன் மிகச் சிறந்த ஆண்டு 2022தான்.

அந்த ஆண்டு பொருளாதார நெருக்கடியால் இலங்கையில் என்ன நடந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மார்ச் மாதத்தில் கொழும்பு இருக்கிற மேல் மாகாணத்திலேயே கடதாசியும் மையும் இல்லாமல் தவணைப் பரீட்சையைத் தள்ளி வைத்தார்கள். மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை போனது. ஜூன், ஜூலையில் பெற்றோல், டீசல் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டன. கிராமப்புறங்களில் மட்டும் ஆசிரியர்கள் வந்து சேர முடிந்தால் நடத்தலாம் என்ற நிலை. கொழும்பில் இருந்து பார்க்கிறவர்களுக்குத் தீவகத்துச் சிறிய கல்லூரி ஒன்று அந்த மாதங்களில் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன என்று தோன்றலாம். நமக்கு அப்படியில்லை. 1991இல் போரால் ஒரு தடவை மூடியதைத் திரும்பவும் திறப்பதற்கு எத்தனை காலம் எடுத்தது என்று அனுபவித்தவர்கள் நாங்கள்.

நம் ஆசிரியர்களில் அரைவாசிக்கு மேற்பட்டவர்கள் யாழ்ப்பாண நகரத்தில் இருந்தும் வலிகாமத்தில் இருந்தும் வருபவர்கள். பஸ் நின்றதும் ஆண் ஆசிரியர்கள் சிலர் சைக்கிளை எடுத்தார்கள். கடல் நடுவே போகிற பண்ணைத் தாம்போதி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, வங்களாவடி என்று அந்தப் பாதையைச் சைக்கிளில் போய்ப் பழகியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஜூலை மாதம் சோழகம் அடிக்கிற காலம். தென்மேற்குக் காற்று. காலையில் நகரத்தில் இருந்து தீவுப் பக்கம் வருகிறவரின் முகத்தில்தான் அது அடிக்கும். பண்ணையில் இரண்டு பக்கமும் கடல், மறைப்பு ஒன்றும் கிடையாது. மிதித்து மிதித்து, காலை மணி அடிக்கும் முன் வந்து சேர்ந்து, கிணற்றடியில் முகத்தைக் கழுவிவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறார்கள். பின்னேரம் திரும்பும்போது காற்று பின்னால் இருந்து தள்ளும் என்று ஒரு ஆசிரியர் தொலைபேசியில் சொன்னார். அதையும் ஒரு வசதியாகச் சொல்கிற மனம் அவருக்கு!

ஆசிரியைகளுக்கு அந்தத் தூரம் நாளாந்தம் முடியாது. சிறு பிள்ளைகள் உள்ளவர்கள், வயதானவர்கள். இங்கேதான் ஊர் வந்தது.

நம் ஊரில் பூட்டிக் கிடக்கிற வீடுகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அவற்றில் அநேகம் நம்முடைய வீடுகள்தான். நாம் ரொறன்ரோவில், பாரிஸில், சூரிச்சில் இருக்கிறோம். அங்கே ஓடுகளில் ஆலங்கன்று முளைக்கிறது. கல்லூரியில் இருந்து நடை தூரத்தில் அப்படி ஒரு கல்வீடு. பாரிஸில் இருக்கிற பழைய மாணவி ஒருவருடைய தாய்வீடு அது. பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர் அவருக்கு அழைப்பு எடுத்து, "அக்கா, கிழமைநாளில ரீச்சர்மார் தங்குறதுக்கு வீட்டைத் தருவீங்களோ?" என்று கேட்டிருக்கிறார். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லையாம். "திறப்பு சித்தியட்டைக் கிடக்கு, வாங்குங்கோ. அம்மான்ர படத்துக்கு மட்டும் ஒரு விளக்கு வைக்கச் சொல்லுங்கோ" என்றாராம். மறுநாள் சனிக்கிழமை. ஊர் இளைஞர்கள் பற்றை வெட்டினார்கள், கிணறு இறைத்தார்கள், ஓடு மாற்றினார்கள். பெண்கள் வீடு கூட்டிக் கழுவினார்கள். திங்கட்கிழமை ஆசிரியைகள் பாயும் தலையணையும் கொண்டு வந்து இறங்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வரை அங்கேயே தங்கல்.

இதைக் கேட்டபோது எனக்கு என்னுடைய காலம் ஞாபகம் வந்தது. அப்போது வெளியூர் ஆசிரியர்கள் ஊரிலேயே தங்கியிருப்பார்கள். எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த சேர் வடமராட்சிக்காரர். கல்லூரிக்குப் பின் வீதியில் ஒரு வீட்டு விறாந்தை அறையில் இருந்தார். பின்னேரம் அந்த விறாந்தைக்கு யார் போனாலும் பாடம் நடக்கும். காசு என்ற பேச்சே இல்லை. ஒளி முறிவடைவதை வாளித் தண்ணீரில் தடியை விட்டுக் காட்டியவர், இரவில் எங்களை முற்றத்தில் நிற்க வைத்து நட்சத்திரங்களையும் காட்டுவார். மழை நாளில் வீட்டுக்காரம்மா எங்கள் எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டுத் தருவார். ஊரில் தங்குகிற ஆசிரியருக்குப் பிள்ளையின் வீட்டு நிலைமை தெரியும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் தகப்பன் தொழிலுக்குப் போகவில்லை என்று அவர் விசாரிக்கத் தேவையில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடவேண்டிய ஆசிரியரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

2022இல் அந்த வீட்டு விறாந்தையிலும் அதேதான் நடந்தது. பதினோராம் வகுப்பு முடிவில் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்த பிள்ளைகள் பின்னேரங்களில் அங்கே போய் இருந்தார்கள். மின்சாரம் இல்லாததால் பகல் வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும் என்று காலை வகுப்புகளையும் முன்கூட்டியே தொடங்கினார்கள். மதியச் சாப்பாட்டைத் தாய்மார் முறை போட்டுச் சமைத்தார்கள். ஒருவர் அரிசி, ஒருவர் முருங்கையிலை, ஒருவர் தேங்காய். மீன் கிடைத்த நாளில் மீன். விலைவாசி போன போக்கில் அந்த ஒரு நேரச் சாப்பாட்டுக்காகவே சில பிள்ளைகள் வந்திருப்பார்கள் என்று ரீச்சர் ஒருவர் மெல்லச் சொன்னார். வந்த பிள்ளை படித்தது.

தவணைப் பரீட்சைக்குக் கடதாசி இல்லை என்று யாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. வினாக்களைக் கரும்பலகையில் எழுதினார்கள். பிள்ளைகள் பழைய கொப்பிகளில் மிஞ்சிய ஒற்றைகளைக் கிழித்துக் கோத்து விடைத்தாள் செய்தார்கள். வரைபடக் கேள்விக்கு உயர்தர (12, 13ஆம் வகுப்பு) மாணவர்கள் கோடு போட்டுக் கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர், ஊரிலேயே இருப்பவர்கள், சம்பளம் ஒன்றும் கேட்காமல் ஆறாம், ஏழாம் வகுப்புகளை எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது பிள்ளைகளைத் தக்கவைப்பதுதான். நம் ஊரில் பாதிப் பேர் கடற்றொழில் செய்கிறவர்கள். படகு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் வேண்டும். அது கிடைக்கவே இல்லை. ஓகஸ்டில் கிடைக்கத் தொடங்கியபோது லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவாகிவிட்டது. இயந்திரத்தை விட்டுவிட்டுத் துடுப்பு வலித்துப் போனவர்களுக்குக் கூட ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் வீட்டில் இருந்த பத்தாம், பதினோராம் வகுப்புப் பையன். வரவு இடாப்பில் தொடர்ந்து சிவப்பு விழுந்த பெயர்களைக் கணித ஆசிரியர் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, விடியற்காலை வள்ளங்கள் கரைக்கு வரும் நேரத்துக்குக் கரையில் போய் நின்றிருக்கிறார். தகப்பன்மாருக்கு அவர் உபதேசம் செய்யவில்லை. கிழமையில் எந்த நாட்கள் பையன் கட்டாயம் வேண்டும், எந்த நாட்களில் விடலாம் என்று கேட்டு அதற்கேற்றபடி கணிதப் பாடத்தை மாற்றி வைத்தார். இதைவிடப் பெரிய கல்விச் சீர்திருத்தம் எனக்குத் தெரியாது. சாதாரண தரத்தில் ஆறு பாடங்களில், தாய்மொழியும் கணிதமும் உட்பட, சித்தி வேண்டும். அவற்றில் மூன்றில் திறமைச் சித்தி ('சி' அல்லது அதற்கு மேல்) வேண்டும். அப்போதுதான் உயர்தரத்துக்குப் போகலாம். கணிதத்தில் விழுந்த பிள்ளைக்கு மற்ற எட்டுப் பாடமும் இருந்தும் பாதை அடைத்துவிடும். நம் போன்ற பாடசாலைகளில் ஆண்டுதோறும் பிள்ளைகள் தடுக்கி விழுகிற படி அதுதான்.

மே மாதக் கடைசியில் சாதாரண தரப் பரீட்சைக்கு இருந்த நம் பிள்ளைகளின் பெறுபேறு நவம்பரில் வந்தது. கொரோனாவுக்குள் படித்து, நெருக்கடிக்குள் எழுதியவர்கள். ஒன்பது பாடத்திலும் 'ஏ' எடுத்தவர் ஒருவருமில்லை. பத்திரிகையில் படம் வரவில்லை. ஆனால் தோற்றிய அத்தனை பேரும் கணிதத்தில் சித்தி. அதிபர் அறிக்கையில் இந்த வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டிருந்தார். நானும் அதன் கீழ் இன்னொரு கோடு போடுவேன். நகரத்துப் பெரிய கல்லூரிகள் புலமைப்பரிசிலில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகளை ஐந்தாம் வகுப்போடு அழைத்துக்கொண்டு போகின்றன. மிஞ்சுகிறவர்களை வைத்துத்தான் நம் கல்லூரி நடக்கிறது. அப்படி மிஞ்சிய பிள்ளைகள் ஒருவர் விடாமல் கரை சேர்ந்தார்கள் என்பது எத்தனை 'ஒன்பது ஏ'க்குச் சமன் என்று நீங்களே சொல்லுங்கள்.

சங்கத்தின் பங்கையும் பதிந்து வைக்க வேண்டும். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் கல்லூரிக்கு ஒரு நுழைவாயில் வளைவு கட்டுவதற்குக் காசு சேர்த்து வைத்திருந்தோம். வரைபடம்கூட வந்துவிட்டது. ரூபாயின் பெறுமதி விழுந்து, 160 ரூபா அளவில் இருந்த கனடா டொலர் மே மாதம் 280 ரூபா அளவுக்குப் போனபோது, இப்போதே கட்டினால் மலிவு என்று சிலர் சொன்னார்கள். அது பிழையான கணக்கு அல்ல. ஆனால் நம் டொலர் அங்கே பெருத்ததற்குக் காரணம் அங்குள்ளவர்களின் சம்பளம் சுருங்கியதுதான். கூட்டத்தில் நீண்ட நேரம் பேசினோம். குரல் உயர்ந்தது. கடைசியில் மூத்த உறுப்பினர் ஒருவர், "வளைவுக்குள்ளால நடந்து வர ஆசிரியர் வேணும், தம்பிமார்" என்றார். அன்றே முடிவாயிற்று. அந்தக் காசு சைக்கிள்களுக்கும், ஆசிரியைகள் தங்கிய வீட்டுச் செலவுக்கும், மதியச் சாப்பாட்டுக்கும், மலிவாகக் கிடைத்தபோது வாங்கிய கடதாசிக்கும் போனது. எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்த பிறகு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். அதைப் பங்கு போட்டு இரண்டு பேர் மூன்று பேராக வந்தவர்களின் பெற்றோல் செலவையும் ஏற்றோம். கல்லில் பெயர் பொறிக்கக்கூடிய ஒன்றையும் அந்த ஆண்டு நாம் கட்டவில்லை. அதில் எனக்கு மனநிறைவு.

இது நமக்குப் புதிய வழியும் இல்லை. ஊர்ச் சைவப் பாடசாலைகள் பிடியரிசி தண்டி நடந்த காலம் ஒன்று இருந்தது. உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கூடத்துக்கு என்று எடுத்து வைத்த பெண்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்தவர்கள் அனுப்பிய காசில் எழுந்த வகுப்பறைகள் நம் ஊர்களில் எத்தனை! 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 61இல் அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. ஆசிரியர் சம்பளம் அரசின் கடமையாயிற்று. ஆனாலும் கிணற்றையும் கூரையையும் பிள்ளையின் வயிற்றையும் ஊர்தான் பார்த்தது. 1991இல் எல்லோரும் இடம்பெயர்ந்தபோதுகூட, வரவு இடாப்புகளையும் அன்றாடம் நடப்பதைப் பதிகிற சம்பவத்திரட்டுப் புத்தகத்தையும் அலுவலகத்தில் இருந்தவர்கள் தங்கள் உடுப்பு மூட்டைக்குள் வைத்து எடுத்துப் போனார்கள். அந்தப் புத்தகத்தின் தொடர்ச்சியில்தான் இன்றைய அதிபரும் எழுதுகிறார்.

எனக்கு ஒரு ஆசை உண்டு. 2022 ஜூன், ஜூலைப் பக்கங்களை அந்தச் சம்பவத்திரட்டில் இருந்து படியெடுத்து அடுத்த மலரில் அப்படியே போட வேண்டும். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை பிள்ளைகள், என்ன சமையல் என்ற விபரம் எல்லாம் அதில் இருக்கும். கல்லூரி வரலாறு என்று பின்னால் யாராவது எழுத உட்கார்ந்தால் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சாதாரண தரப் பெறுபேற்றில் ஆங்கிலம் நன்றாக அமையவில்லை. நிரந்தர ஆங்கில ஆசிரியர் நீண்ட காலமாக இல்லை. கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவுக்கு மட்டும் யாரும் வந்து தங்கமாட்டார்கள். இதற்குச் சங்கத்தின் இளைய உறுப்பினர்கள், இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள், சூம் வழியாக வகுப்பு நடத்தச் சம்மதித்திருக்கிறார்கள். கோடை காலத்தில் இங்கே ரொறன்ரோவில் சனிக்கிழமை காலை ஒன்பது மணி என்றால் அங்கே மாலை ஆறரை. பாரிஸ் அக்காவின் வீட்டு விறாந்தையில் திரையும் இணைய வசதியும் போட்டாயிற்று. ஒன்பதாம், பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்குத் தனித்தனியாக ஆட்கள் வேண்டும். பதினோராம் வகுப்புக்குத்தான் இன்னும் ஒருவரும் இல்லை. உங்கள் வீட்டில் யாராவது முன்வந்தால் சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். தமிழ் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைகள் பழக்கிவிடுவார்கள்.