கிடாயின் மண்டையோட்டைச் சுத்தம் செய்து வெண்மையாக்கிய அனுபவம்

குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை போன்ற மலையோர ஊர்களின் பழைய ஓட்டு வீடுகளில் மிளா எனும் கடமானின் கொம்பும் மான் தலையும் முன்னறைச் சுவரில் மாட்டப்பட்டிருந்ததைச் சிறுவயதில் பார்த்தவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலர் உண்டு. எனக்கும் அப்படி ஒரு தலையைச் சுவரில் மாட்ட வேண்டும் என்ற ஆசை வெகுகாலமாக இருந்தது. ஆனால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கும்வரை மிளாவோ புள்ளிமானோ நமக்கு ஆகாது. அவற்றின் தலை, கொம்பு, எலும்பு எல்லாமே அரசின் சொத்து. காட்டோரத்து ரப்பர் தோட்டத்தில் தானாக உதிர்ந்து கிடக்கும் கொம்பை எடுத்து வந்து வைத்துக்கொள்வதும் குற்றமே. அப்படி ஏதேனும் கைக்கு வந்து சேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறை அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே நான் வெள்ளாட்டுக் கிடாயைத் தேர்ந்தெடுத்தேன். வெளிநாடுகளில் வேட்டைக்காரர்கள் மான் தலைக்குச் செய்கிற முறைதான் இதற்கும். ஒரே ஒரு பெரிய வேறுபாடு கொம்பில் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தலை கிடைப்பது எளிது என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் ஆட்டுத்தலை என்பது கறி. கடையில் அதை நெருப்பில் வாட்டி, மயிரைச் சுரண்டி, மூளையை எடுப்பதற்காக நடுவில் வெட்டிப் பிளந்துதான் தருவார்கள். வாட்டிய தலையில் கொம்பு கருகியிருக்கும். தீ பட்ட எலும்பு கறுத்து நொறுங்கும். கோவில் கொடையில் வெட்டுகிற கிடாயைக் கேட்கலாம் என்றால், அந்தத் தலை யாருக்குச் சேர வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு முறை உண்டு. அதில் நாம் குறுக்கே போகக் கூடாது. எனவே வழக்கமாக வாங்கும் இறைச்சிக் கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். “மூளையும் எடுக்காம, வாட்டவும் செய்யாம தலைய அப்படியே கொண்டு போயி என்ன செய்யப் போற மக்கா?” என்று கடைக்காரர் கேட்டார். சுவரில் மாட்டப் போகிறேன் என்றதும் அவர் சிரித்துவிட்டு, நல்ல வளைந்த கொம்புள்ள முதிர்ந்த கிடாய் வரும்போது கூப்பிடுவதாகச் சொன்னார். சொன்னபடியே கூப்பிடவும் செய்தார்.

முதிர்ந்த கிடாய் என்று கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. இளம் ஆட்டின் மண்டையோட்டில் எலும்புகள் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தி இறுகியிருக்காது. தண்ணீரில் ஊறியதும் மூக்கெலும்புகளும் மேல்தாடை நுனியும் தனித்தனியாகக் கழன்று வந்துவிடும். கீழ்த்தாடையின் எட்டு முன்பற்களும் மாறி முளைத்த, ஏறத்தாழ நான்கு வயதான கிடாய் என்றால் ஓடு உறுதியாக நிற்கும். (மேல்தாடையில் முன்பல்லே இல்லையே என்று என் அத்தை மகன் பதறினான், ஆடு, மாடு, மான் எதற்குமே அங்கே முன்பல் கிடையாது, கடினமான ஈறு மட்டும்தான்.) இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நோய் வந்து செத்த ஆட்டின் தலையையோ, எப்படிச் செத்தது என்று தெரியாமல் விளையில் கிடக்கும் தலையையோ எடுக்கவே கூடாது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயின் கிருமி விதைகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கக் கூடியவை. இறைச்சிக்கு அறுத்த ஆடானாலும் ரப்பர் கையுறை இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

தோலை உரித்து, கண்களையும் நாக்கையும் கன்னத்துச் சதையையும் சிறு கத்தியால் இயன்றவரை எடுத்தேன். கத்தி எலும்பில் கீறிய கோடு எந்த மருந்துக்கும் போகாது. ஆகையால் ஒட்டிக்கொண்டிருக்கும் சதையைச் சுரண்டாமல் விட்டுவிடுவதே நல்லது. மூளையைப் பின்கழுத்துத் துளை வழியாக, நுனி வளைத்த கம்பியால் கலக்கி, குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சி வெளியேற்றலாம். இதில் விவரிக்க அதிகம் இல்லை. பொறுமையும், சாப்பிடாத வயிறும் இருந்தால் போதும்.

அடுத்து மிச்சச் சதையை எப்படிப் போக்குவது என்ற கேள்வி வந்தபோது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். குட்டுவத்தில் போட்டு வேகவைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்றார் ஒருவர். உண்மைதான், ஆனால் கொதிக்கிற தண்ணீர் எலும்பின் கொழுப்பை உருக்கி உள்ளுக்கே செலுத்திவிடும். எலும்பைப் பிணைத்து வைத்திருக்கும் கொலாஜனும் கூழாகிக் கரையும். மண்ணில் புதைக்கலாம் என்றார் இன்னொருவர். நம் செம்மண்ணில் புதைத்த எலும்பு காவி ஏறி வரும். அந்தக் கறை எளிதில் போகாது. எறும்புப் புற்றருகே வைப்பது பழைய வழக்கம் என்றாலும், எறும்பு வெளிச்சதையைத் தின்னுமே தவிர மூக்குக்குள் சுருள்சுருளாக இருக்கும் மெல்லிய எலும்புகளின் இடுக்கைச் சுத்தம் செய்து முடிக்காது. அதற்குள் நாயோ மரநாயோ தூக்கிக்கொண்டு போய்விடும். நான் தேர்ந்தெடுத்தது தண்ணீரில் ஊறவைத்து அழுகவிடும் முறை. தண்ணீரிலுள்ள பாக்டீரியாக்களே சதையைத் தின்று தீர்க்கின்றன. எலும்புக்கு ஒரு சேதமும் இல்லை. இதற்கு 30 முதல் 35 டிகிரி வரை இளஞ்சூடு வேண்டும். குளிர்நாட்டுக்காரர்கள் மின்சூடேற்றி வைத்துச் செய்வதை, பங்குனி வெயிலில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் வாளி நமக்கு இனாமாகச் செய்து தருகிறது.

குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் பாக்டீரியாவைத் தடுக்கும் என்பதால் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினேன். வாளியை மூடி, கொசு முட்டையிடாதபடி துணி கட்டி, மேலே கல்லை ஏற்றி வைத்தேன். நாற்றத்தைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்வதென்றால், அது வீட்டுப் புறவாசலில் வைக்கக்கூடியது அல்ல. “இந்த நாத்தத்த நீ விளையில கொண்டு வச்சுக்கோ, இல்லன்னா நான் என் மவ வீட்டுக்குப் போயிருவேன்” என்று பெரியம்மை சொன்ன பிறகு வாளி தென்னை விளையின் கடைசி மூலைக்குப் போனது. சில நாட்களுக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மட்டும் மாற்ற வேண்டும். முழுவதையும் கொட்டினால் வேலை செய்துகொண்டிருக்கும் பாக்டீரியாக்களும் சேர்ந்து போய்விடும். கொட்டுகிற தண்ணீர் தென்னைமூட்டுக்கு நல்ல உரம். ஆனால் எப்போதும் ஒரு வலைத்துணியில் வடித்தே கொட்ட வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டத்தில் முன்பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று அடியில் கிடக்கும். நான் அவற்றை ஒரு சிரட்டையில் எடுத்து வைத்தேன். கீழ்த்தாடையும் நடுவில் இரண்டாகப் பிரிந்துவிடும். அது உடைந்தது அல்ல, ஆட்டின் தாடை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

கொம்பைப் பற்றி இப்போது சொல்லலாம். மானின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும் எலும்பு. அதற்கு உறை இல்லை. ஆட்டுக் கொம்போ, நம் நகத்தைப் போன்ற கெரட்டினால் ஆன உறை. உள்ளே மண்டையோட்டிலிருந்து எழும் எலும்புத் தண்டு இருக்கிறது. உறைக்கும் தண்டுக்கும் இடையே ஒரு சவ்வு. அதை அழுகவிட்டு வெளியேற்றாமல் கொம்பை அப்படியே மாட்டினால், பல மாதங்கள் கழித்தும் மழைக்காலத்தில் வீட்டுக்குள் நாறும். அந்துப்பூச்சியும் தோல் தின்னும் வண்டும் தேடி வரும். தலை ஊறத் தொடங்கிச் சுமார் ஒரு வாரம் ஆனதும் உறையைக் கையால் பிடித்து மெதுவாகத் திருகிப் பார்க்க வேண்டும். இடது உறை முதலில் சற்று முறுக்கிக்கொண்டது; பிறகு ஈரமான ஒரு சத்தத்தோடு முழுதாக என் கையில் வந்தது. உள்ளிருந்து சாம்பல் நிறக் கூழ் வடிந்தது. தண்டு, தேன்கூடு போலத் துளைத்துளையாக, தொட்டால் நெருடலாக இருந்தது. வலது உறைக்கு இன்னும் கொஞ்சம் காலம் பிடித்தது. கழன்ற உறைகளை உட்புறம் கழுவி நிழலில் காயவைத்தேன். அவற்றை எந்தக் காரணத்துக்காகவும் வெளுக்கும் மருந்தில் முக்கக் கூடாது. நிறம் வெளிறி அசிங்கமாகிவிடும்.

சதை போனதும் எலும்பு ஓரளவு வெளுப்பாகத்தான் தெரியும். அந்த வெளுப்பைப் பார்த்து உடனே வெளுக்கும் மருந்தான பெராக்சைடு வாங்க ஓடுகிறவர்கள்தான் அதிகம். என் அனுபவத்தில் இந்த முழு வேலையின் உயிர்நாடி வெளுப்பதில் இல்லை, கொழுப்பை எடுப்பதில்தான் இருக்கிறது. எலும்புக்குள் கொழுப்பு நின்றுவிட்டால், எவ்வளவு வெண்மையாக்கினாலும் பின்னர் அது மெல்ல மேலேறி வந்து மஞ்சள் படியும், தூசியைப் பிடிக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையையும் வாங்கும் நம் மாவட்டத்தின் ஈரக்காற்றில் அதன்மேல் பூஞ்சையும் பூக்கும்.

இதற்கு வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். சலவை சோடாவும் காரம் மிகுந்த சலவைத் தூளும் வேண்டாம். வாளியில் தலையை மூழ்கவைத்து, நண்பகலில் வெயில் ஏறும்படி வைத்து, தண்ணீர் கலங்கி மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும்போதெல்லாம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இது வாரக்கணக்கில் நீளும் வேலை. போதுமா என்று அறிய எளிய வழி, வெளியே எடுத்து நன்றாகக் காயவிட்டு வெளிச்சத்தில் பார்ப்பதுதான். கொழுப்பில்லாத எலும்பு சுண்ணாம்புபோல ஒளி ஊடுருவாமல் தெரியும். கொழுப்புள்ள இடம் எண்ணெய் பட்ட காகிதத்தைப்போல மங்கலாகக் கண்ணாடித்தன்மையோடு தெரியும். என் கிடாயில் கீழ்த்தாடையின் பின்மூலையிலும், பின்கழுத்துத் துளையைச் சுற்றியும் இந்தத் திட்டுகள் கடைசிவரை பிடிவாதமாக நின்றன. அவற்றுக்காகவே முழு வேலையையும் மறுபடி நீட்டினேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வெளுப்பதற்குப் பலரும் சொன்னது பிளீச்சிங் பவுடர். அது எலும்பின் புரதத்தை அரித்துவிடும். கழுவிய பிறகும் அரிப்பு உள்ளே தொடர்ந்து, சில ஆண்டுகளில் எலும்பு பொடியாக உதிரும். ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட் வீட்டில் இருக்கிறதே என்று கேட்டவருக்கும் இதையே சொல்கிறேன்: எந்த அமிலமும் எலும்பின் சுண்ணத்தைக் கரைத்துவிடும். ஏற்றது ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டுமே. மருந்துக் கடைகளில் 20 வால்யூம் என்று அச்சிட்டு விற்பது 6 விழுக்காடு. அதில் பங்குக்குப் பங்கு தண்ணீர் சேர்த்தால் 3 விழுக்காடு ஆகும், ஆட்டுத்தலைக்கு இது தாராளம். ரசாயனக் கடையில் கிடைக்கும் செறிந்த பெராக்சைடு தோலில் பட்டால் உடனே வெளுத்து எரியும். பழக்கமில்லாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே உத்தமம். பிளாஸ்டிக் தொட்டியில்தான் செய்ய வேண்டும், உலோகம் பட்டால் மருந்து வீணாகச் சிதையும். தொட்டியை இறுக மூடவும் கூடாது; வெளிவரும் ஆக்சிஜனுக்கு வழி வேண்டும். தலை மூழ்கிய சில நிமிடங்களில் பல் இடுக்குகளிலிருந்தும் மூக்குத் துளையிலிருந்தும் பொடிப்பொடியாகக் குமிழிகள் ஏறத் தொடங்கின. ஓரிரு நாட்களில் எடுத்து, தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, நிழலில் காயவைத்தேன். நேர்வெயிலில் வேகமாகக் காய்ந்தால் பற்கள் நீளவாக்கில் வெடிக்கும்.

சுவர் வெள்ளையடித்ததுபோல வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். தந்தத்தின் மங்கலான வெண்மைதான் எலும்பின் இயல்பு நிறம். அதற்கு மேல் வெளுக்க முயன்றால் சுண்ணாம்புக் கட்டியில் வார்த்த பொம்மைபோல ஆகிவிடும் என்பது என் கருத்து.

சிரட்டையில் இருந்த பற்களை அவற்றின் குழிகளில் பொருத்திப் பார்த்து, வெள்ளைப் பசையால் ஒட்டினேன். பற்கள் ஒவ்வொன்றும் தன் குழியில் மட்டுமே சரியாக உட்காரும் என்பதால் குழப்பம் வராது. தாடையின் இரு பாதிகளையும் அதேபோல் சேர்த்தாகிவிட்டது. மேற்பூச்சாக, தண்ணீரில் நன்கு கரைத்த ஃபெவிகாலை மெல்லியதாக ஒரு கை பூசினேன். அருங்காட்சியகங்களில் பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்துப் பூசுகிறார்கள். தேவையானபோது அதைத் திரும்பக் கரைத்து எடுத்துவிடலாம் என்பது அதன் சிறப்பு. மரத்துக்கு அடிக்கும் வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகும், அது வேண்டாம். காய்ந்த கொம்புறைகளைத் தண்டில் ஏற்றி, அடியில் சிறிது பசை வைத்தேன்.

மாட்டுவதற்கு அயனி மரப் பலகையில் ஓர் துண்டை இழைத்து வாங்கினேன். இரும்பு ஆணியோ கம்பியோ எலும்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடற்காற்றில் துரு ஒரு மழைக்காலத்துக்குள் எலும்பில் இறங்கிவிடும். பித்தளைத் திருகாணிகள் இதற்குப் பொருத்தம். அடுக்களைப் புகையும் நேர்வெயிலும் படாத சுவராகப் பார்த்து மாட்டி, ஐப்பசி மழை விட்டதும் ஒருமுறை இறக்கி, உலர்ந்த தூரிகையால் தூசி தட்டி, கொம்புறையின் அடிவிளிம்பில் வண்டு துளைத்த தூள் ஏதேனும் உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.