வேலை போனாலும் உரிமம் போகவில்லை

2014 நவம்பரில் கிளீவ்லாந்து நகரில் டமிர் ரைஸ் என்ற 12 வயதுச் சிறுவனைச் சுட்டுக் கொன்ற காவலர், அதற்கு முன் ஒஹாயோ மாநிலத்திலேயே ஒரு சிறிய ஊரின் காவல் துறையில் இருந்தவர். துப்பாக்கிப் பயிற்சியின்போது அவர் மனம் கலங்கி நின்றதைக் கண்ட மேலதிகாரிகள், இவர் இந்த வேலைக்கு ஏற்றவர் அல்லர் என்று 2012இல் எழுதி வைத்தார்கள். பணிநீக்கம் செய்வதற்குள் அவராகவே விலகிக்கொண்டார். கிளீவ்லாந்து காவல் துறையோ அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்க்காமலேயே அவரைச் சேர்த்துக்கொண்டது. 2017இல் அவரை நீக்கியபோது சொல்லப்பட்ட காரணம்கூடச் சிறுவனின் மரணம் அன்று, விண்ணப்பத்தில் உண்மையை மறைத்தது என்பதே. அதன் பிறகும் 2018இல் ஒஹாயோவிலும் 2022இல் பென்சில்வேனியாவிலும் இரண்டு சிற்றூர்கள் அவரை வேலைக்கு எடுத்தன; இரண்டு முறையும் எதிர்ப்பு எழுந்த பின்னர்தான் அவர் விலகினார்.

அமெரிக்காவில் ஏறத்தாழ 18,000 காவல் அமைப்புகள் தனித்தனியே இயங்குகின்றன. ஒரு துறை ஒருவரை நீக்கினால், அந்த முடிவு அந்தத் துறையின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. காவலராகப் பணியாற்றும் உரிமத்தை வழங்குவது, காவலர்களின் தரத்தையும் பயிற்சியையும் கவனிக்கும் மாநில அளவிலான ‘போஸ்ட்’ ஆணையம் என்பதால், அதைத் திரும்பப் பெறவும் அந்த ஆணையத்தால்தான் முடியும். 1960இல் நியூ மெக்சிகோ இந்த அதிகாரத்தை முதலில் உருவாக்கியது. கலிபோர்னியாவின் கதை விசித்திரமானது: தன் ஆணையத்திடம் இருந்த அதிகாரத்தை 2003இல் பறித்துக்கொண்ட அந்த மாநிலம், அதைத் திருப்பித் தர 2021 வரை எடுத்துக்கொண்டது.

அதைத் திருப்பித் தந்த 2021ஆம் ஆண்டுச் சட்டம், 2018இல் கலிபோர்னியாவின் கார்டினா நகரில் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்ட கென்னத் ராஸ் ஜூனியரின் பெயரைத் தாங்கியது. அந்தச் சட்டத்தை நான் மதிப்பதற்குக் காரணம், அது பட்டியலிடும் குற்றங்கள் அல்ல. பொய் சாட்சியம், மிகையான வன்முறை, பாலியல் அத்துமீறல், சக காவலரின் அத்துமீறலைக் கண்டும் தடுக்காமல் நிற்பது ஆகியவற்றை யார் எழுதினாலும் சேர்த்திருப்பார்கள். காவலர் இடையில் ராஜினாமா செய்துவிட்டாலும் துறை தன் விசாரணையை முடித்தே ஆகவேண்டும் என்பதும், கடுமையான புகார் வந்த 10 நாட்களுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும்தான் அதன் உயிர்நாடி. ‘நீயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடு’ என்ற பழைய ஏற்பாடு இரு தரப்புக்கும் வசதியாக இருந்தது: துறைக்கு வழக்குச் செலவில்லை, காவலருக்குக் கறையில்லை.

உரிமத்தை ரத்து செய்வது ஒருவரின் பிழைப்பையே பறிப்பது என்பதால், அது எளிதில் நடக்கக் கூடாது என்ற காவலர் சங்கங்களின் வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. கலிபோர்னியாவில் 9 பேர் கொண்ட ஆலோசனைக் குழு முதலில் பரிசீலிக்கிறது. காவல் துறை வன்முறைக்கு ஆளானவர்களுக்கோ அதில் உயிரிழந்தோரின் குடும்பத்தினருக்கோ அதில் இடமுண்டு. பின்னர் ஆணையம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் ஒப்ப வேண்டும். அதன் மேல் நிர்வாக நீதிபதியின் விசாரணையும் உண்டு. இத்தனை படிகள் இருக்கையில், அவசரத் தீர்ப்பு என்ற குற்றச்சாட்டு எனக்குப் பொருத்தமாகத் தெரியவில்லை.

ஆனால் சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு புளோரிடா சான்று. உரிமங்களை ரத்து செய்வதில் முனைப்புக் காட்டும் மாநிலம் அது. இருந்தும், அங்குள்ள காவலர்களின் சுமார் முப்பது ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் யேல் சட்ட இதழில் வெளியான ஆய்வு, எந்த ஓராண்டை எடுத்தாலும் பணியிலிருப்போரில் சராசரியாகச் சுமார் 3 சதவீதத்தினர் முன்பு எங்கோ நீக்கப்பட்டவர்கள் என்று கண்டது. அவர்கள் பெரும்பாலும் வசதி குறைந்த சிறிய துறைகளுக்கே போய்ச் சேர்ந்தார்கள். புதிய இடத்திலும் நீக்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகம். பயிற்சிச் செலவில்லாமல் உடனே பணியில் இறக்கக்கூடிய ஆள் கிடைக்கிறார் என்றால், பணமில்லாத ஊர் பழைய கதையை அதிகம் கிளறுவதில்லை.

மாநில எல்லையைத் தாண்டியவரைக் கண்டறிய ‘தேசிய டீசர்ட்டிஃபிகேஷன் இண்டெக்ஸ்’ என்ற, உரிமம் ரத்தானவர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் சேர்ப்பது மாநிலங்களின் விருப்பம். விவரம் வேண்டுமானால் அந்த மாநிலத்தைத்தான் கேட்க வேண்டும். மத்திய அமைப்புகளின் காவலர்களுக்காக 2023 டிசம்பரில் தொடங்கப்பட்ட தரவுத்தளமோ, 2025 ஜனவரியில் ஆட்சி மாறியதும் மூடப்பட்டது. ஆகவே புதிய குற்றங்களைச் சட்டங்களில் சேர்ப்பதைவிட, இந்தப் பட்டியலைப் பார்க்காமல் ஒருவரைச் சேர்க்கும் துறைக்கு மாநில நிதியை நிறுத்துவதே பயன் தரும் என்று நினைக்கிறேன். சேர்ப்பவருக்கும் இழப்பதற்கு ஏதாவது இருந்தால்தான் பழைய கோப்பை யாராவது திறந்து பார்ப்பார்கள்.