வீட்டு சேர்வர்: மூன்று கிழமையாகச் சுற்றாத டிஸ்க் நேற்று இரவு சுற்றியது

வீட்டுப் படங்களையும் வீடியோக்களையும் பத்திரமாக வைக்க நான் கட்டுகிற கணினியில், நேற்று இரவு 11.20க்கு அந்த 8 டிபி டிஸ்க் எழும்பியது. மேலே கை வைத்தபடி இருந்தேன். முதலில் சின்ன ஒரு 'டிக்', அப்புறம் மெல்ல மெல்ல ஏறுகிற இரைச்சல், உள்ளங்கைக்கு அதிர்வு தெரிந்தது. கணினி தொடங்கும்போது வரும் பயோஸ் திரையில் டிஸ்கின் பெயர் வந்ததும் படுத்திருந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "படங்கள் வந்திட்டுதோ?" என்று கேட்டார். படங்கள் இன்னும் வரவில்லை, ஆனால் அவற்றை வைப்பதற்கு இடம் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் 2009க்கு முந்திய படம் என்று மிஞ்சியது ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்த 19 தான். பரந்தனிலிருந்து வெளிக்கிட்டபோது டிரங்குப் பெட்டியோடு வெளிக்கிட்டோம், பெட்டி எங்கே விடுபட்டது என்று ஆளுக்கொரு இடம் சொல்வார்கள். ஆனால் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற சொந்தக்காரர்களிடம் நாங்கள் அந்தக் காலத்தில் அனுப்பிய படங்களும் கலியாண வீட்டுக் கசெட்டுகளும் இருக்கின்றன. அவற்றைத்தான் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்குகிறேன். நான்குக்கு ஆறு படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து சுருக்காமல் வைத்தால் ஒன்று 26 எம்பி வரும், அது பெரிய விஷயமில்லை. இடத்தைத் தின்பது வீடியோதான்: மினி டிவி கசெட் ஒரு மணித்தியாலத்துக்கு 13 ஜிபி. எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றில் போட்டு அலுமாரியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு டிஸ்கில் ஒரே நேரத்தில் எழுதி, எழுதியது கெட்டுப்போகவில்லையா என்று தானே பார்த்துக்கொள்ளும் பெட்டி வேண்டும். அதனால்தான் அதைச் செய்கிற இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை, அதனால்தான் இந்தப் பாடெல்லாம்.

சாமான்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வவுனியாவில் பாவித்த கணினிச் சாமான் விற்கிற கடையில் எச்110 மதர்போர்ட், ஐ3-6100 ப்ராசசர், 8 ஜிபி ரேம், மூன்றும் சேர்த்து 24,000 ரூபா. கோப்பு வைக்க இதற்கு மேல் ப்ராசசர் தேவையே இல்லை, ஐ5க்கு ஆசைப்பட வேண்டாம். எச்110இல் டிஸ்க் கொளுவுகிற சாட்டா வாய் நான்கு இருக்கிறது, பூட் ஆக ஒரு சின்ன எஸ்எஸ்டி, டிஸ்க் இரண்டு, ஒன்று மிச்சம். கேசிங் பழையது, சும்மா கிடந்தது. பவர் சப்ளை மட்டும் புதிது, 450 வாட், கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் எடுத்தேன். பவர் சப்ளையையும் டிஸ்கையும் பார்த்து எடுங்கள், மற்றதெல்லாம் பழசாக இருக்கட்டும் என்றுதான் எவர் கேட்டாலும் சொல்வேன். எங்கள் பக்கத்துக் கரண்டுக்கு மலிவு சப்ளை போட்டால் அது போகும்போது தனியே போகாது.

டிஸ்க் இரண்டும் மச்சான் கனடாவிலிருந்து வரும்போது கொண்டுவந்த டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) எலிமென்ட்ஸ் 8 டிபி எக்ஸ்டர்னல். இங்கே உள்ளே போடுகிற 8 டிபி டிஸ்கின் விலையை விட அங்கே மலிவு விற்பனையில் வாங்கிய எக்ஸ்டர்னல் குறைவு. உடைத்து உள்ளிருக்கும் டிஸ்கை எடுப்பது கஷ்டமான வேலையில்லை, பழைய போன் கார்ட் இரண்டு இருந்தால் போதும், உத்தரவாதத்தை மறந்துவிட வேண்டும். உள்ளே இருந்தது வெள்ளை லேபல், டபிள்யூடி80ஈஎம்ஏஇசட். தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல் எழுதுகிற சிஎம்ஆர் வகை, அதனால் சந்தோஷப்பட்டேன்.

இதற்கு முதல் வவுனியாக் கடையிலேயே 4 டிபி டபிள்யூடி ரெட் டிஸ்க் இரண்டு பார்த்தேன். லேபலில் இஎஃப்ஏஎக்ஸ் என்று இருந்ததால் திரும்ப வைத்துவிட்டேன். அந்த வரிசையில் 2 டிபி முதல் 6 டிபி வரை எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏற்றி எழுதுகிற வகை) என்பது 2020 ஏப்ரலில் வெளியே வந்த கதை. பழைய இஎஃப்ஆர்எக்ஸ் என்றால் சிஎம்ஆர், அது கிடைத்தால் எடுக்கலாம். எஸ்எம்ஆரில் படம் வைத்து எடுப்பதற்குப் பிரச்சினை இல்லை, ஆனால் ஒரு டிஸ்க் செத்து புதியதைப் போட்டு இசட்எஃப்எஸ் திரும்ப நிரப்பும்போதுதான் அது நாள்கணக்கில் இழுக்கும், சில நேரம் இடையிலேயே கழன்றுவிடும். அவசரத்துக்கு உதவாத டிஸ்கை வைத்து என்ன செய்வது. அதே கடையில் இன்னொரு டிஸ்கின் ஸ்மார்ட் கணக்கை (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைப்பது) பார்த்தபோது ஓடிய நேரம் 41,000 மணித்தியாலம் காட்டியது, ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாவித்த டிஸ்க் வாங்குகிறவர்கள் லேப்டாப்பையும் ஒரு யுஎஸ்பி டொக்கையும் கையோடு கொண்டு போங்கள், ஸ்மார்ட்டில் கெட்ட இடங்களைக் காட்டுகிற 5ஆம் இலக்கமும் 197உம் பூச்சியமாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். அங்கிருந்த தம்பி நல்லவர், மறுக்காமல் பார்க்கவிட்டார்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். எல்லாம் பூட்டி சுவிட்சைப் போட்டால் எஸ்எஸ்டி தெரிகிறது, 8 டிபி இரண்டும் தெரியவில்லை. தெரியவில்லை என்றால், சத்தமே இல்லை, சுற்றவே இல்லை. சாட்டா வயரை மாற்றினேன், வாயை மாற்றினேன், பயோஸை அப்டேட் செய்தேன். அதே டிஸ்கை அதன் பழைய யுஎஸ்பி பலகையில் கொளுவினால் சுற்றுகிறது. பக்கத்து வீட்டு அண்ணையின் பழைய பென்டியம் மெஷினில் கொளுவினாலும் சுற்றுகிறது. அப்படியென்றால் பவர் சப்ளைதான் பிழை என்று முடிவு கட்டி, இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்க் கடைக்காரரோடு கதைத்தேன். அவர் வேறொரு டிஸ்கைக் கொளுவிக் காட்டினார், அது உடனே சுற்றியது. "உங்கட டிஸ்க்தான் தம்பி போட்டுது" என்றார். இரண்டு டிஸ்கும் ஒன்றாகப் போகுமா? விடை தெரியாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

கிளிநொச்சி டவுனில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர்தான் வழி காட்டினார். "டிஸ்குக்கு என்ன போகுது எண்டு அளந்து பாத்தனீரோ?" என்று கேட்டார். அளந்தேன். மல்டிமீட்டரின் சிவப்பு முனையில் தையல் ஊசி ஒன்றைக் கட்டிக்கொண்டு பவர் வாயின் 15 பின்னையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 12 வோல்ட் சரி, 5 வோல்ட் சரி, முதல் மூன்று பின்னிலும் 3.3 வோல்ட், அதுவும் சரி.

அந்த 3.3 தான் கையைப் பிடித்து வைத்திருந்தது. பழைய சாட்டா முறையில் 1, 2, 3 மூன்று பின்னும் 3.3 வோல்ட். 2016இல் வந்த சாட்டா 3.3 முறையில் மூன்றாம் பின்னுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள்: அதில் மின்னழுத்தம் இருந்தால் டிஸ்க் நின்றுவிட வேண்டும். பெரிய சேர்வர் அறைகளில் மாட்டிக்கொண்ட டிஸ்கைக் கழற்றாமலே அணைத்துப் போடுவதற்கு வைத்த வசதி. வெள்ளை லேபல் டிஸ்கில் அந்த வசதி இருக்கிறது. நல்ல சப்ளை மூன்றாம் பின்னுக்கு விடாமல் 3.3 கொடுக்கிறது, டிஸ்கும் சொல் கேட்டு விடாமல் நிற்கிறது. யுஎஸ்பி பலகை அந்த 3.3ஐக் கொடுப்பதில்லை. அண்ணையின் பென்டியத்தில் மொலெக்ஸ் என்ற பழைய நாலு பின் பவர் வாயிலிருந்து மாற்றுகிற வயர் போட்டிருந்தது, மொலெக்ஸில் 12உம் 5உம் மட்டும்தான். கொழும்புக் கடைக்காரர் கொளுவிய டிஸ்க் பழைய வகை. அவருக்கு அன்றே போன் எடுத்து, உங்கள் சப்ளையில் பிழையில்லை என்று சொன்னேன்.

தீர்வு மூன்று. 3.3 போகிற செம்மஞ்சள் வயரை வெட்டலாம், புது சப்ளையின் உத்தரவாதத்தை நான் வெட்டத் தயாரில்லை. மொலெக்ஸ் மாற்று வயர் போடலாம், ஆனால் முழுக்கப் பிளாஸ்டிக் வார்த்து மூடிய வகையை வாங்கவே வேண்டாம், உள்ளே வயர்கள் ஒன்றோடொன்று முட்டி எரிந்துபோகிற சாமான் அது. வயரை மேலிருந்து அழுத்தி மூடி போட்ட வகைதான் நல்லது, அது இங்கே தேடிக் கிடைக்கவில்லை. மிச்சம், டிஸ்கிலுள்ள மூன்றாம் பின்னை டேப் ஒட்டி மறைப்பது.

இந்த டேப் வேலையில்தான் நான்கு இரவு போனது. முதலில் கறுப்பு இன்சுலேஷன் டேப். தடிப்பு அதிகம், வாயைத் தள்ளும்போது டேப் சுருண்டு ஒதுங்கிவிடுகிறது. இந்த வெக்கையில் பசையும் இளகி, கழற்றிப் பார்த்தால் நான்காம் ஐந்தாம் பின்னிலெல்லாம் பசை. அதைத் துடைத்து எடுப்பதே ஒரு மணித்தியாலம். செலோடேப் முதல் தரம் பிடித்தது, இரண்டாம் தரம் கொளுவியபோது கிழிந்தது. தேவை கப்டன் டேப், தேன் நிறத்தில் மெல்லிசாக இருக்குமே, அது. அதற்கும் அந்தப் போன் திருத்துகிற அண்ணைதான், ஹொட் ஏர் அடிக்கும்போது பக்கத்துப் பாகங்களை மறைக்க அவர் பாவிப்பது. ஒரு முழம் கிழித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

ஒட்டும் முறை: டிஸ்கின் பவர் பின்களை டேட்டா வாய்க்குப் பக்கத்திலிருந்து எண்ணுங்கள், அதுதான் ஒன்று. மறுபக்கத்திலிருந்து எண்ணினால் 12 வோல்டை மறைத்துவிடுவீர்கள். மூன்றாம் பின்னை மட்டும் மறைத்தால் போதும், ஆனால் அவ்வளவு ஒடுக்கமான துண்டு நிற்காது. 3.3ஐ இந்த டிஸ்க் பாவிப்பதில்லை, அதனால் மூன்றையும் சேர்த்து மறைக்கலாம். ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 1.27 மில்லிமீற்றர், அப்படியென்றால் துண்டின் அகலம் 4 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. டேப்பை முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டி, கீழே அடிமட்டம் வைத்து, புது பிளேட்டால் ஒரே இழுவையில் வெட்டினேன். கத்தரிக்கோல் விளிம்பைப் பிசிறாக்கும், அந்தப் பிசிறில்தான் வாய் இழுத்துக்கொண்டு போகும். பின்களை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட்டு, துண்டைப் பின்னின் நுனியைத் தாண்டி மடித்து மறுபக்கத்தில் ஒட்டுங்கள். தள்ளும்போது முதலில் முட்டுவது டேப்பின் வெட்டு விளிம்பாக இல்லாமல் மடிப்பாக இருக்கும், அதனால் சுருளாது. எனக்கு இது பிடிபட்டது மூன்றாவது துண்டில். அப்புறம் தீக்குச்சியின் அடியால் மேலிருந்து கீழே அழுத்தித் தேய்த்தேன், தேன் நிறத்துக்குள் பின்னின் தங்க நிறம் தெளிவாகத் தெரியும் வரை. வாயை நேராகத் தள்ள வேண்டும், ஆட்டக்கூடாது. சுவிட்சைப் போட்டேன், டிக்.

இனி யுபிஎஸ், கரண்ட் போனால் பற்றரியில் கொஞ்ச நேரம் தாங்குகிற சாமான். 650 விஏ ஒன்று இருக்கிறது, உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பற்றரி. பெட்டி சும்மா இருக்கும்போது 35 வாட் அளவுதான் இழுக்கிறது, மாதம் 25 யூனிட். நீளக் கரண்ட் வெட்டை இது தாங்காது, அது எனக்குத் தெரியும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தவர்கள் நாங்கள், 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்க நின்றதையும் பார்த்தோம். யுபிஎஸ் செய்ய வேண்டியது, பெட்டி ஒழுங்காக அணைவதற்கு அவகாசம் கொடுப்பது மட்டும்தான். என்னுடையதில் யுஎஸ்பி வாய் இல்லை, கரண்ட் போனதைப் பெட்டிக்குச் சொல்ல வழியில்லை. அதனால் ரௌட்டரை யுபிஎஸ்ஸில் போடாமல் சுவரிலேயே விட்டிருக்கிறேன். பெட்டி நிமிடத்துக்கொரு தரம் ரௌட்டரைப் பிங் பண்ணும், அதாவது இருக்கிறாயா என்று கேட்கும், ஐந்து தரம் பதில் வராவிட்டால் கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொண்டு தானே அணையும். இரண்டு தரம் மெயினை இறக்கிப் பார்த்தேன், இரண்டு தரமும் சரியாக வேலை செய்தது.

வெக்கையும் புழுதியும் அடுத்தது. கேசிங்கை மூடி ஃபான் இல்லாமல் விட்டபோது டிஸ்க் 48 பாகை காட்டியது. முன்னுக்கு 120 மில்லிமீற்றர் ஃபான் ஒன்று போட்டதும் 40க்கு இறங்கியது. ஃபானுக்கு முன்னால் நுளம்பு வலையை இரண்டு மடிப்பாக வைத்துக் கட்டியிருக்கிறேன், ஏ9 பக்கத்துச் செம்புழுதிக்கும் பல்லிக்கும் சேர்த்து. பல்லி பவர் சப்ளைக்குள் போய்ச் செத்து போர்ட்டோடு எல்லாம் போன கதை எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறது. வலையைக் கிழமைக்கு ஒரு தரம் கழுவ வேண்டும்.

மூன்றாம் பிரதி ஒன்று வேண்டும் என்பது மனதில் இருக்கிறது. இரண்டு டிஸ்கும் ஒரே வீட்டில், ஒரே இடிக்குக் கீழே. வவுனியாவில் சித்தி வீட்டில் பாவித்த 4 டிபி ஒன்றை வைத்து, படங்களை மட்டும் மாதம் ஒரு தரம் கொண்டுபோய் ஏற்றலாம் என்று யோசிக்கிறேன். அந்தத் தம்பியின் கடைக்கு இஎஃப்ஆர்எக்ஸ் வந்தால் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு டிஸ்கையும் சேர்த்து இசட்எஃப்எஸ் பூல் இன்னும் கட்டவில்லை. முதலில் இரண்டு டிஸ்கிலும் ஸ்மார்ட் நீண்ட சோதனை ஓட வேண்டும், 15 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், இடையில் கரண்ட் போனால் முதலிலிருந்து. முதலாவது நேற்று இரவு தொடங்கி இன்று மத்தியானத்துக்குப் பிறகு பிழையில்லாமல் முடிந்தது. இரண்டாவதில் இன்னும் 60 வீதம் மிச்சம் என்று காட்டுகிறது. இரணைமடுப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது, இடிச் சத்தமும் கேட்கிறது. பெட்டி பிங் பண்ணுவதை நிறுத்திவைத்து, லேன் வயரைக் கழற்றிவிட்டு வருகிறேன்.